தெரிந்து செயல்பட்ட விக்ரம் சாராபாய்

சித்தன்னவாசலுக்குச் செல்லும் நம்மவர் சிலர், திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்துள்ள கொடும்பாளூரில் இறங்கி மூவர் கோயிலையும் கண்டு வருவதுண்டு. இளங்கோவடிகள் இவ்வூரைக் கொடும்பை என்று குறிக்கிறார். உறையூரை விட்டு மதுரை நோக்கி நடந்த கவுந்தியடிகள், கோவலன், கண்ணகி ஆகியோருக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான். கொடும்பையின் நெடுங்குளத்தைக் கடந்தால் பாதை மூன்றாகப் பிரியும் என்று கூறி, ஒவ்வொன்றின் நன்மையையும் இடரையும் விரித்துரைக்கிறான். பின்னர் கானுறை தெய்வம் வயந்தமாலை வடிவில் தோன்றி மயக்க முயன்றபோது, முன்பே கேட்டறிந்த அச்செய்தி கோவலனுக்குக் கைகொடுத்தது. மந்திரத்தால் சோதித்து உண்மை அறிந்தான். அதே காப்பியத்தில் மதுரைக்கு வந்தபின், பாண்டியன் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு, வேறு விசாரணையின்றி ஆணையிட்டான். அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆராய்ந்தபின் முடிவு செய்தல், முடிவு செய்தபின் காரணம் தேடுதல் என்னும் இவ்விரு போக்குகளையும் தொழில் நடத்துவோரிடமும் காணலாம். நம் நாட்டில் முதலாவது போக்கைத் தொழில் நிர்வாகத்தில் வேரூன்றச் செய்ய உழைத்தவர்களுள் முன்னிற்பவர் டாக்டர் விக்ரம் சாராபாய். அவரை விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆலைக்கும் அங்காடிக்கும் ஆராய்ச்சியைக் கொண்டு சென்றவர் அவர் என்பதை அறிந்தோர் குறைவு.

அவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாதில், குஜராத்தி ஜைன வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், காலிகோ ஆலையின் உரிமையாளர். தாயார் சரளாதேவி. குடும்பம் ஜைனக் குடும்பமே என்றாலும் சடங்குகளுக்கு அவ்வீட்டில் பெரிய இடம் இருந்ததில்லை. அவரை நாள்தோறும் ஜினாலயம் சென்ற சிராவகராகக் காட்டுவது உண்மையாகாது.

ஆயினும் அனேகாந்தத்துக்கு அவ்வீட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. விக்ரம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1918இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டம் நடந்தது. ஆலை முதலாளிகளின் பக்கம் நின்று தலைமை தாங்கியவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்த தமக்கை அனசூயா பென். தொழிலாளர் 50 சதவீத உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் தர இயலாது என்றனர். காந்தியடிகளும் நண்பர்களும் உடனே எந்தப் பக்கமும் சாயவில்லை. விலைவாசியையும் பம்பாயில் வழங்கிய கூலியையும் ஆலைகளின் நிலையையும் விசாரித்தறிந்து, 35 சதவீதமே நியாயம் என்று முடிவுக்கு வந்தனர். பின்னர் நடுவராக அமைந்த ஆனந்தசங்கர் துருவாவின் தீர்ப்பும் 35 சதவீதம் என்றே அமைந்தது. கொள்கையில் எதிரெதிராக நின்ற அக்காளும் தம்பியும் பாசத்தில் குறைவுபடவில்லை. அத்தகைய வீட்டில்தான் விக்ரம் வளர்ந்தார்.

பெற்றோர் தம் எட்டுப் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவி ஒரு பள்ளி அமைத்தனர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அம்முறையைப் படித்தவள் என்பதால் இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். அம்முறையில் குழந்தை முதலில் பொருளைக் கையால் தொட்டு, அளந்து, ஒப்பிட்டுப் பார்க்கும். விதி அதன்பின்தான் வரும். வீட்டுப் பட்டறையில் சிறு ரயில் எஞ்சின் ஒன்றை இயங்கும்படி செய்து பார்த்த அச்சிறுவன், பிற்காலத்தில் நூலாலையிலும் மருந்துக் கடையிலும் கையாண்டது இதே வழியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் 1940இல் இயற்கை அறிவியல் பட்டம் பெற்றார். போர்க்காலமாதலால் நாடு திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் கீழ் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1942இல் சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகளும் நாட்டியக் கலைஞருமான மிருணாளினியை மணந்தார். மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அதே ஆண்டில், அகமதாபாதில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

அவ்வாண்டிலேயே இன்னொரு பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. அகமதாபாத் ஆலை அதிபர்கள் தமக்குப் பொதுவாக ஒரு நெசவு ஆராய்ச்சிக் கழகம் வேண்டும் என்று எண்ணினர். 'அட்டிரா' என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் உருவாகத் துணை நின்றவர்களுள் கஸ்தூர்பாய் லால்பாய் என்னும் ஜைனப் பெருமகனாரும் ஒருவர். அதை நடத்த அமர்த்தப்பட்டவரோ நெசவுத் தொழில்நுட்பம் படிக்காத, 28 வயது இயற்பியல் இளைஞர்! அவர் சேர்த்த ஆய்வாளர்களுள்ளும் பலர் ஆலையைக் கண்டறியாதவர்களே. பல தலைமுறைகளாகப் பஞ்சை விரலால் தேய்த்தே தரம் சொல்லிப் பழகிய ஆலைக்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அனுபவம் சொல்வதை அளவுகோல் சொல்வதோடு ஒத்துப் பார்க்க, பழக்கத்துக்கு அடிமையாகாத கண்கள் வேண்டும் என்பது சாராபாயின் எண்ணம். நூல் அறுகிறதென்றால் குற்றம் பஞ்சிலா, பொறியிலா, கூடத்தின் ஈரப்பதத்திலா, ஆளின் களைப்பிலா? தனித்தனியே அளந்தாலன்றி அதிபர் எதற்குப் பணம் செலவிடுவது?

ஆள் என்றேன். அதையும் அவர் விட்டுவிடவில்லை. ஓர் ஆலை ஆராய்ச்சிக் கழகத்தில் உளவியல் பிரிவு ஒன்றைத் தொடங்கி, 1949இல் கமலா சௌத்ரி என்னும் அம்மையாரை அதற்குப் பொறுப்பாக்கினார். அக்காலத்தில் இது புதுமை.

இதனோடு ஒட்டிய ஒரு நிகழ்ச்சி காலிகோ ஆலைகளில் நடந்தது. அங்கே நிர்வாகம் பார்த்தவர் விக்ரமின் தமையனார் கௌதம் சாராபாய். தானியங்கித் தறிகளை வாங்கிப் போட்டும் எதிர்பார்த்த விளைச்சல் இல்லை. 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் வரவழைக்கப்பட்டார். அவர் தறியைக் குறை கூறவில்லை. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, யாரும் எந்தத் தறிக்கும் முழுப்பொறுப்பு இல்லாத நிலையைக் கண்டார். சிறு குழு ஒன்றிடம் சில தறிகளை முழுமையாக ஒப்படைக்கலாம் என்ற யோசனையைத் தொழிலாளரே விரும்பி ஏற்றுக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் என்பவர் மீண்டும் சென்று பார்த்தபோது, ஒரு கூடத்தில் அம்முறை நிலைத்திருந்தது; மற்றவற்றில் பழைய வழக்கமே திரும்பியிருந்தது. பின்னாளில் காலிகோ ஆலையே மூடப்பட்டுவிட்டது. ஆராய்ச்சி இருந்தும் ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆராய்ச்சி ஒருமுறை கட்டிக்கொள்ளும் தாயத்து அன்று. காலம் மாறுந்தோறும் கேள்வியையும் மாற்றிக் கேட்டாக வேண்டும்.

1950இல் குடும்பத்தின் சாராபாய் கெமிக்கல்ஸ் மருந்து நிறுவனத்தின் பொறுப்பு விக்ரமுக்கு வந்தது. மருந்து செய்வோர்க்கு ஒரு இடர்ப்பாடு உண்டு. மொத்த வியாபாரியிடம் சரக்கு போனது தெரியும். நோயாளி வாங்கினாரா என்பது தெரியாது. சரக்கு அலமாரியிலேயே தங்கியிருக்க, நன்றாக விற்கிறதென்று எண்ணி மேலும் செய்து குவித்துவிடலாம். இத்தகைய கேள்விகளுக்கு விடை காண 1960இல் பரோடாவில் அவர் தொடங்கியதே 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப்' என்னும் நிறுவனம். இந்தியச் சந்தை ஆராய்ச்சியில் அது ஒரு முன்னோடி. கடை ஆய்வு என்னும் முறை நாம் தொடக்கப் பள்ளியில் சொல்லித்தந்த கணக்கேயாகும். மாதத் தொடக்கத்தில் கடையில் 40 புட்டிகள் இருந்தன. இடையில் 60 வாங்கினார். முடிவில் 30 இருக்கின்றன. ஆகவே விற்றவை 70. தேர்ந்தெடுத்த கடைகளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நாட்டின் போக்கு புலப்படும். எளிய கணக்குத்தான். ஆனால் கடைக்காரர் வாய்ச்சொல்லை எழுதாமல், அலமாரியை எண்ணுவதில்தான் அதன் நேர்மை இருக்கிறது.

எண்ணித் தரும் ஆய்வாளர் இருந்தால் மட்டும் போதாது. அதை வைத்து முடிவெடுக்கத் தெரிந்த நிர்வாகிகளும் வேண்டும். 1961 டிசம்பரில் தொடங்கிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் அவருடைய முயற்சியால் அந்நகருக்கு வந்ததே. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு, உண்மையான நிறுவனம் ஒன்றின் சிக்கலை மாணவர் முன் வைத்து, நீயானால் என்ன செய்வாய் என்று கேட்கும் முறை அங்கே கையாளப்பட்டது. விவரம் முழுமையாக இராது. முடிவு சொல்லியாக வேண்டும். சொன்னதற்குக் காரணமும் காட்ட வேண்டும். இந்தியச் சிக்கல்களைத் திரட்ட ஆசிரியர்களே நிறுவனங்களுக்குச் சென்று ஆராய வேண்டியிருந்தது. பாடம் நடத்துவோர் வெளியே சென்று படித்து வருவது எல்லாப் பள்ளிகளுக்கும் நல்லது என்பேன். கௌரவ இயக்குநராக இருந்த சாராபாய், 1965இல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் வந்ததும் விலகிக்கொண்டார். தாம் தொடங்கியதைப் பிறர் கையில் கொடுக்கும் பண்பு அவரிடம் இருந்தது. இதை நம் மறைநூல்கள் அபரிக்கிரகம் என்னும். அவர் அப்பெயரால் அழைத்திருக்க மாட்டார்.

ஹோமி பாபா மறைந்தபின் 1966இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். அணுகுண்டு செய்ய வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. குண்டு ஒன்றின் விலையை மட்டும் பாராமல், அதைத் தொடர்ந்து வரும் பாதுகாப்புச் செலவு முழுவதையும், நாட்டின் வளர்ச்சிக்கு நேரும் இழப்பையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற கருத்தில் அவர் உறுதியாக நின்றார். பலருக்கு இது பிடிக்கவில்லை. நம்முடையது எனப் போற்றும் திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்ற அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்நிகழ்ச்சி நினைவுக்கு வரும்.

தம் உடலைப் பற்றிய கணக்கை மட்டும் அவர் சரியாகப் போடவில்லை. அணுசக்தி, விண்வெளி, ஆய்வுக்கூடம் என்று ஓயாது பறந்தவர், 1971 டிசம்பர் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில், 52ஆம் வயதில், உறக்கத்திலேயே காலமானார்.

அப்போது அவர் கையில் முடிவுறாத திட்டம் ஒன்று இருந்தது. செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி. அதற்கு முன்னோட்டமாக 1967இல் டெல்லியைச் சுற்றிய 80 ஊர்களில் உழவர் நிகழ்ச்சியைக் காட்டிப் பயனைக் கண்டறியச் செய்தார். 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு உடன்பாடும் ஏற்பட்டது. 1975 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களை நோக்கி ஒளிபரப்பு தொடங்கியது. ஓராண்டுச் சோதனைதான். அவ்வூர்கள் சிலவற்றில் ஆய்வாளர் சிலர் குடியிருந்து, மக்கள் எதைப் பார்க்கின்றனர், எதை நம்புகின்றனர், எதைச் செய்து பார்க்கின்றனர் என்று குறித்துக்கொண்டிருந்தனர்.