திரவத்தில் புது ஒளி கண்ட கிருஷ்ணன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் உள்ள ஊர் வத்திராயிருப்பு. 1898-ல் அங்கே பிறந்தவர் விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன். பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். பிறகு மதுரை, சென்னை. கல்கத்தாவில் ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

1928 பிப்ரவரி. தூசு துளியும் இல்லாமல் சுத்தம் செய்த திரவங்களில், ஊதாக் கண்ணாடி வழியே சூரிய ஒளியைப் பாய்ச்சினார்கள். உள்ளே போனது ஊதா. வெளியே வந்ததிலோ பச்சையும் கலந்திருந்தது! சுமார் 60 திரவங்களிலும் அதே அதிசயம். இன்று துளி தெறிப்பதைக் கண் இமைக்குமுன் படம் பிடித்துவிடலாம். அந்த மங்கிய ஒளியைப் படமாக்கவோ மணிக்கணக்காயிற்று.

முதல் அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணனோ அதற்குள் டாக்கா சென்று, படிகங்களின் காந்தத் தன்மையை ஆராயத் தொடங்கியிருந்தார். 1947 முதல், 1961-ல் காலமாகும் வரை, டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அவரே.