கணக்கு வராத மேதை

கணக்கு தனக்கு வராது என்று ஒரு மாணவராவது சொல்லாத வகுப்பை என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அதனினும் வருத்தம் தந்தது, அதைக் கொண்டே படிப்பே தனக்கு வராது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவதுதான். அத்தகையோரிடம் நான் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கையைச் சொல்வதுண்டு.

1791-இல் லண்டனை ஒட்டிய ஊரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஃபாரடே. எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர், கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்து அறிவியலில் ஆர்வம் கொண்டார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகப் பணியமர்ந்தார்.

தம் எழுத்தில் பிழைகள் மிகுதி என்பதை உணர்ந்து, நண்பர்களின் துணையோடு திருத்திக்கொண்டார். உயர்கணிதம் மட்டும் இறுதிவரை கைகூடவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. அந்தக் குறையை அறிவியல் முழுமைக்கும் நீட்டிக்கவுமில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து அமைவதைக் கூர்ந்து நோக்கி, விசைக்கோடுகள் என்னும் கருத்தை வளர்த்தெடுத்தார். 1831-இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே மின்னாக்கிகளுக்கு அடிப்படையானது.

ஃபாரடேயைவிட 40 வயது இளையவரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், அந்த விசைக்கோடுகளைக் கணித வடிவில் எழுதினார். அதைக் கண்டு மகிழ்ந்த ஃபாரடே, கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளை எளிய மொழியிலும் எழுதலாகாதா என்று 1857-இல் அவருக்கு மடல் எழுதினார். 1867-இல் ஃபாரடே மறைந்தார். ஆறாண்டுகளுக்குப் பின் வெளியான தம் பெருநூலின் முன்னுரையில், ஃபாரடேயின் சிந்தனை முறையும் கணித முறையே என்று மேக்ஸ்வெல் எழுதினார். வழக்கமான குறியீடுகள்தாம் அதில் இல்லை.

கணிதம் அறியாதவராகவே தம்மை எண்ணி வாழ்ந்த ஃபாரடே, அந்த வரியைப் படிக்க உயிரோடு இல்லை.

மேதைக்கே தம்மைப் பற்றிய மதிப்பீடு பிழைக்குமெனில், 14 வயது மாணவரின் தீர்ப்பை நாம் எப்படி இறுதியாகக் கொள்வது? கணக்கு வராது என்பவரிடம், எந்த இடத்தில் வரவில்லை என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் பின்னத்திலோ குறை எண்களிலோ ஒரு படி விடுபட்டிருக்கும். அந்தப் படியைக் கட்டித் தரலாம். படிப்பே வராது என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றிவிட்டால், அதைப் பிடுங்குவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன.