கைபேசிக்குள் இருக்கும் ஆம்ஸ்ட்ராங்

நம் கைபேசி 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் எனப் பல அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒரே சிறு கருவி இத்தனை வரிசைகளையும் பிரித்து வாங்குவதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, 1912-இல், மெல்லிய சிக்னலைத் திரும்பத் திரும்ப வால்வுக்குள் செலுத்திப் பெருக்கும் சுற்றை உருவாக்கினார். சற்று அதிகமாகத் திருப்பிவிட்டால் அதே சுற்று தானே அலைகளை உண்டாக்கவும் செய்தது.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை அதிகாரியாகப் பாரிஸில் இருந்தார். அதிர்வெண் மிக உயர்ந்த அலைகளைப் பெருக்க அன்றைய வால்வுகள் திணறின. 1918-இல் அவர் கண்ட வழிதான் சூப்பர்ஹெட்டரோடைன். கருவிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலந்தால், இரண்டின் வித்தியாசம் ஒரு தாழ்ந்த அலையாகக் கிடைக்கும். 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு உள் அலை 1455; 1400 நிலையத்துக்கு 1855. நிலையம் எதுவானாலும் வித்தியாசம் 455தான். அந்த ஒன்றை மட்டும் நன்றாகப் பெருக்கி, வடிகட்டினால் போதும். கைபேசிகளில் இம்முறை பலவாறு மாறிவிட்டாலும், உள்ளே அலை உண்டாக்கிக் கலக்கும் அடிப்படை மாறவில்லை.

1923-இல் மரியனை மணந்தபோது, கையில் எடுத்துச் செல்லக்கூடிய வானொலி ஒன்றைச் செய்து பரிசளித்தார். 1933-இல், இரைச்சலை வெகுவாகக் குறைக்கும் எஃப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதியை வழக்குகள் விழுங்கின. முதல் கண்டுபிடிப்பின் உரிமை 1934-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் லீ டி ஃபாரஸ்டுக்குப் போனது. மனம் நொந்து, பொறியாளர் சங்கம் முன்பு தந்த பதக்கத்தைத் திருப்பித் தரப் போனார். சங்கம் வாங்க மறுத்து, கண்டுபிடித்தவர் அவரே என்று உறுதி சொன்னது. 1945-இல் அமெரிக்க அரசு எஃப்.எம்.முக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் என்று புது இடம் ஒதுக்க, விற்றிருந்த பழைய பெட்டிகள் எல்லாம் வீணாயின. 1948-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தார். அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பணமும் மனபலமும் கரைந்த நிலையில், 1954 தொடக்கத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மரியன் விடவில்லை. ஆர்.சி.ஏ.வுடன் அதே ஆண்டில் சமரசம் கண்டார். மற்ற நிறுவனங்கள் மீதும் ஒவ்வொன்றாக வழக்காடினார். கடைசி வழக்கு 1967-இல் முடிந்தது. எஃப்.எம். ஆம்ஸ்ட்ராங்கின் கண்டுபிடிப்பே என்பது நிலைநாட்டப்பட்டது.