பிறப்புரிமையை ஏற்காத சட்ட அறிஞர்: சாள்ஸ் ஹே கமரன்

இலங்கைச் சரித்திரம் பயில்வோர் கோல்புறூக், கமரன் என்னும் இரு பெயர்களையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகியவர்கள். இரட்டைப் புலவர்போல இணைந்தே வழங்கும் அப்பெயர்களுட் பின்னதற்குரியவரின் வாழ்வைத் தனியே எடுத்து நோக்குவார் அரியர். பிறப்போடு மனிதனுக்கு வரும் உரிமை என ஒன்று உண்டா, அன்றி உரிமை யாவும் மனிதர் தாமே வகுத்துக்கொண்டவைதாமா என்று மேல்வகுப்பு மாணாக்கர் வினவும்போதெல்லாம் யான் அவர் கதையையே சொல்வது வழக்கம். வாதத்தினும் வரலாறு தெளிவு தருமன்றோ?

கமரன் 1795இற் பிறந்தார்; 1820இல் இலண்டனில் வழக்கறிஞரானார். அக்காலத்தே ஜெரமி பெந்தம் என்னும் பேரறிஞரின் கொள்கை இளைஞர் பலரை ஆட்கொண்டிருந்தது. 1789இற் பிரான்சு தேசத்தார், மனிதர் உரிமையோடு பிறக்கின்றனர் என்று பறைசாற்றியதைப் பெந்தம் பொருளற்ற பிதற்றலென இகழ்ந்தவர். ஒருவன் ஒரு வயலை விரும்புவதனால் அவ்வயலுக்கு உறுதி பிறந்துவிடுமா? எழுதிக் கொடுக்கச் சட்டமும், காத்துக் கொடுக்க நீதிமன்றமும் வேண்டுமல்லவா? பெந்தத்தின் கருத்தை நம்மூர் வழக்கில் இவ்வாறு விளக்கலாம். கமரன் அக்கொள்கையில் ஊறியவர்.

1830இல் ஆணையாளராக இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. ஆட்சி, வருவாய் என்பவற்றைக் கோல்புறூக் ஆராய, நீதித்துறை கமரன் பங்காயிற்று. அந்நாளில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நிலவியது. நிலத்துக்கும் சாதிக்கும் ஏற்ப, தெருவமைத்தல், சுமை தூக்குதல் முதலிய வேலைகளைக் குடிகள் அரசுக்குச் செய்தாக வேண்டும். ஆணையாளரின் பரிந்துரைப்படி 1832 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்திற் பெந்தம் மறைந்தார். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்களும் தமிழரும் நிலம் வாங்கலாகாதென ஒல்லாந்தர் இட்ட தடையும் 1832இலேயே அகன்றது. 1833இன் நீதிப் பட்டயம், கண்டிக்கு வேறு, கரைநாட்டுக்கு வேறு என்றிருந்த நீதிமன்ற ஒழுங்கை மாற்றி, நாடு முழுமைக்கும் ஒன்றாக்கியது. இது கமரனின் கைவண்ணம். ஏழைக்கு எட்டாத நீதிமன்றம் இருந்தும் இல்லாததே என்பது அவர் கொண்ட முடிபு.

பிறப்புரிமையை நம்பாத ஒருவர், அதனைப் போற்றிப் பேசிய பலரினும் மிகுதியான கட்டுகளை அறுக்கத் துணைநின்றார். இஃது என்னை நெடுநாள் மருட்டிய செய்தி. விடுதலை தெய்வம் தந்தது என்றோ இயற்கை தந்தது என்றோ அவர் வாதாடவில்லை. மிகப் பலர்க்கு மிகுந்த நன்மை எது என்பதையே கணக்கிட்டார். அக்கணக்கில் தோட்ட முதலாளிக்குக் கூலியாள் கிடைப்பதும் ஒரு வரவாக நின்றதை நாம் மறத்தலாகாது.

உரிமை என்னும் நம் சொல்லும் ஈண்டுச் சிந்திக்கத் தக்கது. பழைய நூல்களில் அது உறவையும், அரசனுக்குரிய மகளிரையும் குறித்து வரும். ஒருவன் மற்றொருவரோடு கொண்ட தொடர்பே அதன் வேர்ப்பொருள். எங்கள் அக்கரைப்பற்றில் அன்றாடம் வழங்கும் ஹக்கு என்னும் அறபுச் சொல்லோ, உண்மை என்றும் உரிமை என்றும் இருபொருள் தருவது. உண்மையைச் சட்டமன்றம் இயற்ற முடியாது. ஒரு சொல்லின் பொருளைக் கொண்டு தத்துவத்தை நிறுவல் இயலாதெனினும், எம் கடைத்தெருவிற் பேசுவோர் பெந்தத்தின் பக்கம் நிற்கவில்லை போலும்.

கமரனும் கோல்புறூக்கும் எண்ணாத விளைவொன்றும் நேர்ந்தது. இராசகாரியம் ஒழிந்தபின், குளக்கட்டையும் வாய்க்காலையும் கூடித் திருத்தும் பழைய கட்டுப்பாடும் தளர்ந்தது, குளங்கள் தூர்ந்தன. ஆதலின் 1856இல் தேசாதிபதி ஹென்றி வாட், நீர்ப்பாசனச் சட்டத்தால் ஊர்வழமைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அவர் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. வட்டவிதானையின் சொற்படி வாய்க்கால் வெட்டிய எம் முன்னோர், தத்தம் கண்டத்துக்குரிய தண்ணீர்ப் பங்கைக் கேட்க எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்டியவரல்லர். அப்பங்கு வழமையால் வந்தது. இயற்கை தந்ததுமன்று, இலண்டன் தந்ததுமன்று.

கமரன் 1835இல் இந்தியச் சட்ட ஆணைக்குழுவில் அமர்ந்து, மெக்காலேயுடன் தண்டனைக் கோவையை வகுப்பதில் உழைத்தார். அக்கோவையைப் பின்பற்றிய சட்டம் இலங்கையில் 1883இல் வந்தது. அடிமை முறையை ஆராய்ந்து அக்குழு அளித்த அறிக்கையை ஒட்டி 1843இல் ஐந்தாம் இலக்கச் சட்டம் பிறந்தது. அடிமைகள் இன்றுமுதல் சுதந்திரர் என்று அது முழங்கவில்லை. ஓராளை உடைமையெனக் கோரும் வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்றே விதித்தது. சட்டம் கைவிட்டால் ஆண்டானின் உரிமையும் இல்லையாகும் என்பது பெந்தத்தின் நெறியே. தேசவழமையிலும் அடிமை பற்றிய விதிகள் இருந்தமையை நாம் நாணத்தோடு நினைவுகூர வேண்டும். இலங்கையில் அடிமைமுறை 1844இல் முற்றாக நீக்கப்பட்டது.

1838இற் கல்கத்தாவிற் கமரன் மணந்த யூலியா மார்கரெட் பிற்காலத்தில் ஒளிப்படக் கலையாற் புகழெய்தினார். கமரனோ, தம் பொருளையெல்லாம் இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலே போட்டார். 1869இற் கண்ட இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. இங்கிலாந்திற் செலவு தாங்காது, 1875இல் இருவரும் இலங்கைக்கே வந்து குடியேறினர். 1879இல் மனைவியும் 1880இற் கணவரும் காலமாயினர். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

அக்கல்லறையைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பி போய்த் தேயிலை வந்தது. இராசகாரியத்தினின்று விடுபட்ட சிங்களக் குடியானவர் தோட்டக் கூலிக்கு மிகுதியாக வரவில்லை. தமிழகத்து ஏழைகளே கடல்கடந்து வந்தனர். அவர்தம் மக்கள் 1931இன் அரசியலமைப்பின்கீழ்ப் பெருந்தொகையாக வாக்களித்தவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். இருபத்தைந்து நாள் கழித்து, டிசம்பர் 10இல், ஐக்கிய நாடுகள் சபை, யாவரும் சமவுரிமையோடு பிறப்பவர் என்றும் நாட்டினவுரிமை எவர்க்கும் உண்டென்றும் பிரகடனஞ் செய்தது.

கமரனின் அளவுகோலைக் கொண்டு அளப்பின், அம்மக்களிடம் பறிபோனதாகச் சொல்ல உரிமை எதுவுமில்லை. தந்த சட்டம் திரும்ப எடுத்தது, அவ்வளவே. அந்தச் சட்டம் நன்மை தராதது என்று அவர் குறை கூறியிருக்கலாம். அநீதி என்று சொல்ல அவர் கொள்கையில் இடமிருந்ததா? அச்சொல் இன்றி 1948ஐ எவ்வாறு மாணாக்கருக்கு விளக்குவதென எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அவரை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. டிசம்பர்ப் பிரகடனம் ஒரு தோட்டத் தொழிலாளிக்கேனும் வாக்குச்சீட்டைத் தரவில்லையே. 1964இன் ஒப்பந்தம் அவர்களிற் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை அளிக்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, 1948இல் அதனை இழந்த பலர் அம்மலைகளின் மண்ணுள் மறைந்துவிட்டிருந்தனர்.