கைகளால் கற்றவர்

நுழையும்முன்

வானில் பறப்பவரின் உயிர், தரையில் நின்று பொறியைப் பேணுபவரின் கையில் இருக்கிறது. பள்ளிக்கல்வியைத் தொடராத சிற்றூர் இளைஞர் ஒருவர், பொறிகளைப் பிரித்தும் பூட்டியும் கற்றார்; அக்கல்வியைத் தம் மண்ணுக்கும் உரியதாக்கினார். அவர்தம் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சூலூர் வானம்

கோவைக்குக் கிழக்கே சூலூரில் இந்திய விமானப்படைத் தளம் அமைந்துள்ளது. மயிலைக் குறிக்கும் ‘சாரங்’ என்னும் பெயருடைய ஹெலிகாப்டர் சாகசக் குழு இத்தளத்தைச் சார்ந்தது. பெங்களூருவிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘துருவ்’ ஹெலிகாப்டர்களை இக்குழுவினர் இயக்குகின்றனர்.

விமானத்தின் இறக்கை நிலையானது. ஹெலிகாப்டரின் இறக்கையோ சுழல்வது. மேலெழும் விசையை அச்சுழற்சியே தருகிறது. அதனால் தோன்றும் அதிர்வு உடற்பகுதி முழுவதும் பரவும். அவ்வதிர்வு அளவு மீறினால் ஏதோ ஓர் உறுப்பு தேய்ந்தோ தளர்ந்தோ இருக்கக்கூடும். ஆதலால், பறப்பதற்கு முன்னும் தரையிறங்கிய பின்னும் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஒவ்வோர் உறுப்பையும் சோதிக்கின்றனர். அவர்கள் கையொப்பமிட்ட பின்னரே விமானி ஊர்தியை ஏற்கிறார்.

பொறியின் அதிர்வைக்கொண்டு அதன் நலத்தை அறியும் இக்கலையைப் பேருந்துகளில் செயற்படுத்திய ஒருவர், இதே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் ஊரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று பிறந்தார். அவரே ஜி. டி. நாயுடு.

மிதிவண்டிக் காலத்தில் மோட்டார் வேட்கை

உழவர் குடும்பத்தில் பிறந்த துரைசாமிக்கு வகுப்பறை பிடிக்கவில்லை. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அவ்வண்டி அவர் மனத்தை ஈர்த்தது. அதனை வாங்கும் விருப்பத்தோடு கோவைக்கு வந்து உணவகத்தில் பணியாற்றினார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேமித்தார். வண்டி கைக்கு வந்ததும் அதில் ஊர் சுற்றி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பொருத்தினார். அவ்வண்டியே அவருக்குப் பாடநூலாயிற்று.

ஓட்டுநரே பணியாளர்

பருத்தி வணிகத்தில் இழப்புக்கு ஆளான நாயுடு மனம் தளரவில்லை. கோவைத் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்சின் உதவியால் பேருந்து ஒன்றைப் பெற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். வழியில் வண்டி நின்றால் பயணிகளின் நேரமும் நம்பிக்கையும் வீணாகும் என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே உணர்ந்தார். அவருடைய யு.எம்.எஸ். நிறுவனம் வளர்ந்தபோது பொறியின் அதிர்வைச் சோதிக்கும் கருவியையும் உருவாக்கினார். பழுது வந்தபின் சரிசெய்வதைவிட வருமுன் அறிவதே சிறந்தது என்பது அவர்தம் பணிமனை நெறி.

1937இல் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து மின்மோட்டார் உருவாக்கத்தில் ஈடுபட்டார். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு நாட்டில் மின்மோட்டார் உழவரின் உற்ற துணையாயிற்று.

ஏற்கப்படாத கருத்து

இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியக் கடற்படையின் வானூர்திகளைப் பழுதுபார்க்கும் நிலையம் கோவையில் இயங்கியது. தொழில்நுட்பம் அறிந்தோரின் தேவை மிகுந்த காலம் அது. 1945இல் நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றியது. அதன் முதல்வராக அவரே பொறுப்பேற்றார்.

செய்முறைக்கு முதலிடம் தந்தால் பொறியியல் கல்விக்கு இரண்டு ஆண்டுகள் போதும். நான்கு ஆண்டுகள் மிகை என்று அவர் கருதினார். அரசு அதனை ஏற்கவில்லை. தாம் வளர்த்த நிறுவனத்தின் பொறுப்பைத் துறந்தாரேயன்றித் தம் கருத்தைத் துறக்கவில்லை. அக்கல்வி நிலையமே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது.

நிலைத்த பாடம்

1974ஆம் ஆண்டு சனவரி 4 அன்று நாயுடு மறைந்தார். கல்வியின் கால அளவு குறித்த அவர் கருத்து ஏற்கத்தக்கதா என்பது விவாதத்திற்குரியது. புதிய ஹெலிகாப்டரை வடிவமைக்க நெடிய ஏட்டுக்கல்வி தேவை. ஆனால், அதன் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதை உணரப் பழகிய விரல்கள் வேண்டும். ஏட்டறிவும் கையறிவும் ஒன்றையொன்று தாங்கும்போதே ஊர்தி நம்பிக்கையோடு மேலெழும். கலங்கல் வானில் சுழலும் இறக்கைகளின் ஒலி, அவ்வுண்மையை நாள்தோறும் நினைவூட்டுகிறது.