அநாதைகளுக்கு அப்பாவான மன்னர்



போடிமெட்டு ஏறி மூணாறு செல்லும் நம்மவர்கள் பெட்டிமுடி என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு அங்கே மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் வீடுகளை மூடியது. 70 உயிர்கள் பறிபோயின. ஒரே இரவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் உண்டு. கொரோனா காலத்தில் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் இப்படி வாடிய வீடுகளை நாம் அறிவோம். இந்தப் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது? இரக்கப்பட்டால் மட்டும் போதுமா? இந்து மன்னர் ஒருவரின் வாழ்வு இதற்கு வழி காட்டுகிறது.

ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி 1895-இல் பிறந்தார். புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி இவருடைய பெரியப்பா. அவருக்குப் பின் 1933-இல், இன்றைய குஜராத்தில் உள்ள நவாநகர் அரசின் மன்னரானார்.

1939-இல் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் போலந்து நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. இலட்சக்கணக்கான போலந்து மக்களை ரஷ்யா சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடு கடத்தியது. பசியிலும் நோயிலும் பெற்றோர் மடிய, பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். 1941-இல் விடுதலை கிடைத்தபோது அவர்களை ஏற்க எந்த நாடும் எளிதில் முன்வரவில்லை. அவர்களோடு தப்பிய யூதக் குழந்தைகள் ஏறக்குறைய 700 பேர் ஈரானிலிருந்து கப்பலில் கராச்சி வந்து, 1943-இல் பாலஸ்தீனம் சேர்ந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் பலருக்கு நம் நாடே புகலிடமானது. கதவைத் திறந்தவர் ஜாம் சாகேப்.

1942-இல் ஜாம்நகர் அருகே கடலோரப் பாலாச்சடியில் அவர்களுக்காக முகாம் அமைத்தார். வந்து இறங்கிய பிள்ளைகளிடம், நீங்கள் இனி அநாதைகள் அல்ல, நானே உங்கள் பாப்பு, அதாவது அப்பா, என்று சொல்லி வரவேற்றார். சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் தங்கள் தாய்மொழியிலேயே படித்தார்கள். போலந்துக் குருவான அருட்தந்தை பிரான்சிஷெக் புளூட்டா முகாமின் பொறுப்பை ஏற்றார். திருப்பலியும் செபமும் தடையின்றி நடந்தன. மன்னர் அவர்களைத் தம் மதத்துக்கு இழுக்கவில்லை. அவர்கள் நடித்த நாடகங்களுக்கு வந்து அமர்ந்து பார்த்தார். அரண்மனைக்கும் அழைத்தார்.

ஒருமுறை, தினமும் பரிமாறப்பட்ட பசலைக் கீரையைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்களாம். செய்தி மன்னருக்குப் போனது. இனிக் கீரை வேண்டாம் என்று சமையல்காரருக்கு உத்தரவு வந்தது. அங்கு வளர்ந்தவர்கள் முதுமையிலும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். காரணம் கீரை அல்ல. ஒரு துண்டு ரொட்டிக்குக் கையேந்திய பிள்ளை, வேண்டாம் என்று சொன்னபோது அதைக் கேட்க ஓர் அப்பா இருந்தார்! உடைந்த மனம் அங்கேதான் நிமிர்ந்தது.

1946-இல் முகாம் மூடப்பட்டது. எஞ்சியிருந்த பிள்ளைகள் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமுக்குச் சென்றார்கள். பின்னர் உலகின் பல நாடுகளில் குடும்பம் நடத்தி வாழ்ந்தார்கள். மன்னர் 1966-இல் மறைந்தார். போலந்தின் தலைநகர் வார்சாவில் இன்று நல்ல மகாராஜா சதுக்கம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே அவருக்கு நினைவுச்சின்னமும் இருக்கிறது.

இறைமக்களே, நாம் என்ன செய்கிறோம்? தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, பாவம் என்று அந்தப் பிள்ளையின் காதுபடவே பேசுகிறோம். கிறிஸ்து பிறப்புக்குப் புத்தாடை கொடுத்தால், கையில் பிடிக்க வைத்துப் புகைப்படம் எடுக்கிறோம். எந்த நிறம் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டோமா? பாடல் குழுவிலும் பீடச் சிறுவர் அணியிலும் இடம் கொடுத்தோமா? பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளைக்குக் கைதட்ட யாராவது போனோமா?

சிறு பிள்ளைகளை அணைத்து ஆசி வழங்கிய ஆண்டவர் இயேசுவின் அன்பை, அவரை வேதமாகக் கொள்ளாத ஒரு மன்னர் செய்து காட்டினார். நம் பங்கில் உள்ள ஒரு பிள்ளைக்காவது நாம் அப்பாவாக, அம்மாவாக இருக்க இறைவன் அருள் தருவாராக. ஆமென்.