போர்க்களத்தின் நடுவே ஓர் அரசி

யூலை 4ஆம் நாள் திருச்சபை போர்த்துக்கல் நாட்டு அரசி புனித எலிசபெத்தம்மாளை நினைவுகூருகிறது. அவருடைய சுரூபத்தையோ படத்தையோ கண்டிருப்பீர்களானால், முடி சூடிய ஒரு பெண் மடியில் ரோசாப் பூக்களை ஏந்தி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏழைகளுக்கு ஒளித்துக் கொண்டுபோன தருமம் பூக்களாக மாறிற்று என்பது அதன் கதை. இதே கதை, அவருடைய தந்தைவழிப் பாட்டியின் சகோதரியாகிய ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தைப் பற்றியும் சொல்லப்படுவதுண்டு. பூவைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பூக்களை வரைந்த ஓவியர்கள், அவர் போர்க்களத்துக்கு ஏறிச் சென்ற கோவேறு கழுதையை மறந்துவிட்டார்கள். அந்தக் கழுதையின் கதையே இவ்வாரம் நாம் பார்க்கப்போவது.

இசபெல் என்று அவருடைய நாட்டார் அழைக்கும் எலிசபெத்து 1271இல் அரகோன் அரச குடும்பத்தில் பிறந்தார். 1282இல், பதினொரு வயதளவில், போர்த்துக்கல் மன்னர் தினிசுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். தினிஸ் திறமையான அரசர், கவிஞர், 1290இல் தம் நாட்டின் முதற் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். நல்ல கணவர் என்று மட்டும் சொல்ல முடியாது. வேறு பெண்களிடம் அவருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தனர். எலிசபெத்துக்குக் கொன்ஸ்தான்சா என்ற மகளும், அல்போன்ஸ் என்ற மகனுமாக இரண்டே பிள்ளைகள்.

அவருடைய சமாதானப் பணி செபத்தோடு நின்றதென்று எண்ணாதீர்கள். அவர் கடிதம் எழுதினார். அரகோன் மன்னராயிருந்த சகோதரர் யாக்கோபுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தின் ஒரு பகுதி அரகோன் அரச சுவடிச்சாலையில் இன்றும் பேணப்படுகிறது. அரகோனுக்கும், தம் மகளை மணமுடித்துக் கொடுத்திருந்த காஸ்தில் நாட்டுக்கும் எல்லைச் சண்டை முற்றியபோது, 1304இல் தொரெயாசில் தீர்ப்புச் சொன்ன நடுவர்களுள் தினிசும் ஒருவர். அந்தப் பயணத்தில் அரசியும் உடன் சென்றார். ஒரு பக்கம் உடன்பிறந்தவர், மறுபக்கம் மருமகன். இரு வீட்டாரையும் உள்ளபடி அறிந்தவர் அங்கே வேறு யார்?

ஆயினும் அவருக்கு வந்த பெருஞ்சோதனை அயல்நாட்டிலிருந்து வரவில்லை. சொந்த வீட்டிலேயே எழுந்தது. தினிசுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சாஞ்செஸ் என்பவர் தந்தையின் அளவு கடந்த அன்புக்குரியவராகி, அரண்மனையின் மிக உயர்ந்த பதவியில் அமர்ந்தார். முடி தமக்கு வராமற் போய்விடுமோ என்று இளவரசர் அல்போன்ஸ் அஞ்சினார். 1319 அளவில் அந்த அச்சம் ஆயுதமெடுத்தது. பிரபுக்கள் இரு பிரிவானார்கள். ஊர்கள் கொள்ளைபோயின.

வாசகரே, அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கணவரை விட்டு மகனைச் சேரவும் முடியாது. மகனைக் கைவிடவும் முடியாது. இருவரிடமும் அவர் பேசினார். அதுவே குற்றமாயிற்று. அரசி மகனுக்கு இரகசியமாக உதவுகிறார் என்று மன்னரின் காதில் ஓதினார்கள். மன்னர் அதை நம்பி, அவருடைய வருமானங்களைப் பறித்து, அலங்கேர் என்னும் ஊரிலே இருக்கும்படி ஒதுக்கிவைத்தார். இரண்டு தரப்போடும் பேசுபவர் இரண்டு தரப்பாலும் சந்தேகிக்கப்படுவார் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதுவும் பெண்ணாயிருந்தால், அவள் பேசியது அறிவு என்று ஏற்கப்படாமல் சூழ்ச்சி என்றே கொள்ளப்படும். அந்நாளில் பிரபுக்கள் சிலர் படையும் கோட்டையும் தருவதாக வந்தபோது அரசி மறுத்துவிட்டார் என்று அவருடைய சரிதை சொல்கிறது. ஒரு கோட்டையை ஏற்றிருந்தாலும் அவர் மூன்றாவது கட்சியாகியிருப்பார்.

1322இல் மன்னர் பெரும் படையோடு கொயிம்பிரா நகரை முற்றுகையிட்டார். மகன் எதிர்த்து நின்றான். அலங்கேரை விட்டு நகரக்கூடாதென்ற கட்டளையை மீறி எலிசபெத்து அங்கே வந்து சேர்ந்தார். மன்னருக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்த இன்னொரு மகனான பேதுரு பிரபுவும் அவருக்குத் துணைநின்றார். மாறி மாறி இரு பாசறைகளுக்கும் தூது போய், உடன்பாடொன்று எட்டப்பட்டது. இளவரசருக்குக் கொயிம்பிரா முதலிய நகரங்களும் கோட்டைகளும் கிடைத்தன. அவர் தந்தைக்குப் பணிந்திருப்பதாகச் சத்தியம் செய்தார்.

அந்தச் சமாதானம் ஒரு வருடத்துக்குச் சற்றே அதிகம் நிலைத்தது. சாஞ்செஸ் பதவியிலேயே இருந்தார். மூல காரணம் தீண்டப்படவில்லை. 1323இல் மகனின் படை லிஸ்பனை நோக்கி வர, தந்தையின் படை எதிர்கொண்டு புறப்பட்டது. நகருக்குப் புறத்தே அல்வலாத் வெளியில் அணிவகுத்து நின்றார்கள். கற்களும் அம்புகளும் பறக்கத் தொடங்கிவிட்டன என்பர். அப்போது, ஐம்பது வயதைக் கடந்த அரசி கோவேறு கழுதையொன்றின்மேல் ஏறி இரண்டு அணிகளுக்கும் நடுவே வந்தார். மகனிடம் போனார்; பின்பு கணவரிடம் போனார். படைகள் விலகின. அந்த வெளி இன்று லிஸ்பன் நகருக்குள் அடங்கிவிட்டது. அங்கே இதற்கு நினைவாக ஒரு கற்றூண் நிற்கிறது.

இதுவும் முடிவல்ல. மறுபடியும் மோதல் மூண்டு, 1324இல் சாந்தாரெமில் ஏற்பட்ட உடன்படிக்கையினால் சாஞ்செஸ் பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த பின்னரே உள்நாட்டுப் போர் ஓய்ந்தது.

2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, தனது 1325ஆம் இலக்கத் தீர்மானத்தில், போரைத் தடுப்பதிலும் சமாதானப் பேச்சிலும் பெண்களுக்கு உரிய இடம் கொடுக்க வேண்டுமென அரசுகளைக் கேட்டுக்கொண்டது. எலிசபெத்தம்மாளுக்கு அப்படியொரு தீர்மானம் கைகொடுக்கவில்லை. அரசி, தாய் என்ற நிலையை வைத்துக்கொண்டே, யாரும் அழையாத இடங்களுக்கு அவர் போனார். அரச குடும்பத்தவரல்லாத ஒரு பெண் அந்த வெளிக்குள் நுழைந்திருந்தால் அம்புகள் நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி.

1325 சனவரியில் தினிஸ் இறந்தார். கடைசிவரை அவருக்குப் பணிவிடை செய்தவர் அவர் ஒதுக்கிவைத்த அதே மனைவிதான். பின்பு எலிசபெத்து கொயிம்பிராவில் தாம் கட்டியெழுப்பிய கிளாரம்மாள் சபை மடத்தின் அருகே குடியேறி, அந்தச் சபையின் உடையை அணிந்துகொண்டார். துறவற வார்த்தைப்பாடு மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் தம் சொத்து கைவிட்டுப் போகும், ஏழைகளுக்குச் செலவிட முடியாது என்பதே காரணம். மிகவும் நடைமுறை அறிந்த புனிதை!

1336இல் மீண்டும் ஒரு செய்தி வந்தது. மகன் இப்போது போர்த்துக்கல் மன்னர். காஸ்தில் மன்னரோ மகள் கொன்ஸ்தான்சாவின் பிள்ளை; அவர் பெயரும் அல்போன்ஸ்தான். அவர் மணந்திருந்தது எலிசபெத்தின் மகனுடைய மகள் மரியாவை. அந்த மனைவியைப் புறக்கணித்து வேறொருத்தியோடு அவர் வாழ்ந்ததனால், மாமனுக்கும் மருமகனுக்கும் போர் மூளும் நிலை. இரு பக்கமும் தம் இரத்தமே. 65 வயதில், கோடை வெயிலில், 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியை அரசி கடந்து, மகன் இருந்த எஸ்திரெமோஸ் கோட்டைக்குப் போனார். அங்கே நோயுற்று, யூலை 4ஆம் நாள் காலமானார்.

அவருடைய மரணத்தோடு சமாதானம் பிறந்தது என்று சில புனிதர் வரலாறுகளில் வாசிப்பீர்கள். நடந்தது அதுவல்ல. போர் அந்த வருடமே தொடங்கி, 1339இல்தான் முடிந்தது. அடுத்த வருடம் சலாதோ ஆற்றங்கரைப் போரில் மாமனும் மருமகனும் ஒரே அணியில் நின்றார்கள். பாப்பரசர் 8ஆம் உர்பன் எலிசபெத்தைப் புனிதராக உயர்த்திய 1625ஆம் ஆண்டில், அவருடைய நாட்டுப் படைவீரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன.

எஸ்திரெமோசில் அவர் உயிர்விட்ட அறையைப் பிற்காலத்தில் சிற்றாலயமாக்கினார்கள். உடலை அவருடைய விருப்பப்படியே, அந்தக் கடும் வெயிலில், வந்த வழியே கொயிம்பிராவுக்குத் திரும்பச் சுமந்து போனார்கள்.